கணினி கேள்வி பதில்: இலவசமாகவே கிடைக்கும்போது கிராக் எதற்கு?

கல்லூரி அட்மிஷன் முடிந்து லேப்டாப் வாங்கும் காலம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மென்பொருளுக்கு ஆகும் செலவைப் பற்றித்தான். தஞ்சாவூரில் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் இதே கேள்விகளைக் கடையிலும் தினம் கேட்கிறேன். ஆகவே மற்ற கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வாங்கிய கடையில், “ஆபீஸ் ஒரிஜினல் வேண்டுமென்றால் தனிக் காசு, இல்லாவிட்டால் சும்மா போட்டுத் தருகிறோம்” என்கிறார்கள். எதற்குச் சரி சொல்வது?
— ஒரு தாய், புதுக்கோட்டை

இரண்டுக்குமே சரி சொல்ல வேண்டாம் அம்மா. சும்மா போடுவது பெரும்பாலும் கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த பதிப்பு. முதலில் லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியையும் பில்லையும் எடுத்துப் பாருங்கள். “ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021” அல்லது “ஆபீஸ் ஹோம் 2024” என்று அதில் அச்சிட்டிருந்தால், லேப்டாப் விலையிலேயே ஆபீஸுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றும் அதில் உண்டு. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியதில்லை. வேர்டைத் திறந்து, மகளின் சொந்த மெயில் ஐடியால் மைக்ரோசாஃப்ட் கணக்குத் தொடங்கி, ஒருமுறை ஆக்டிவேட் செய்தால் போதும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இப்படிக் கூடவே வரும் ஆபீஸை ஆக்டிவேட் செய்வதற்குக் கெடு உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் கடைப் பையன் தன்னுடைய மெயில் ஐடியைப் போட்டு ஆக்டிவேட் செய்துவிடுவான். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும். ஒரு வருடம் கழித்து விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால், அந்த ஆபீஸ் அவன் கணக்கில் இருக்கும், உங்களிடம் இருக்காது. என் கடைக்கு இந்தச் சிக்கலோடு வருகிறவர்கள் அதிகம். வேர்டில் வலது மேல் மூலையில் யார் பெயர் தெரிகிறது என்று இன்றே பாருங்கள். வேறு யார் பெயராவது இருந்தால், பில்லோடு கடைக்குப் போய் உடனே கேளுங்கள்.

பெட்டியில் “மைக்ரோசாஃப்ட் 365 டிரையல்” என்று மட்டும் போட்டிருந்தால் அது சில நாள் சோதனைக்குத்தான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கல்லூரியில் மாணவர்களுக்குத் தனி மெயில் ஐடி தருகிறார்களா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். தந்தால், மைக்ரோசாஃப்டின் கல்விப் பக்கத்தில் அந்த ஐடியைப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரி பதிவு செய்திருந்தால் ஆபீஸ் இலவசம். கல்லூரி ஐடி இல்லாவிட்டாலும், சாதாரண மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் பிரவுசரிலேயே வேர்டு, எக்செல்லைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். கோப்புகளை வைக்க 5 ஜிபி இடமும் தருகிறார்கள்.

இன்டர்நெட் எப்போதும் இருக்காது என்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள். இதை நான் யாருக்கும் தயங்காமல் போட்டுத் தருவேன். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. இன்றும் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெயரில் குழம்பிப் பழைய ஓப்பன் ஆபீஸை இறக்கிவிடாதீர்கள். திரையின் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் இதில் வழி இருக்கிறது. ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள்: ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பகுதிக்குப் போய், கோப்புகளை எப்போதும் வேர்டு வடிவில் சேமிக்கும்படி மாற்றிவிட்டால், அசைன்மென்ட் அனுப்பும்போது “சார், திறக்கவில்லை” என்ற பேச்சு வராது.

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் முதலாண்டு. ஹாஸ்டல் சீனியர் பென் டிரைவில் ஆட்டோகேட் கொடுத்தார். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னார். செய்யலாமா? ஒரிஜினல் விலையைப் பார்த்தால் எங்கள் வீட்டில் வாங்க முடியாது.
— மாணவர், நாமக்கல்

தம்பி, அந்தப் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கவும் வேண்டாம். ஆட்டோகேட் மாணவர்களுக்கு முழுக்க இலவசம். தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே தருகிறது. ஆட்டோகேட் மட்டுமல்ல, சிவிலுக்குப் பின்னால் தேவைப்படும் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளும் உண்டு. ஒரு வருடத்துக்குத் தருவார்கள். அடுத்த வருடமும் மாணவராக இருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய கல்வித் தளத்தில் கணக்குத் தொடங்கி, நீங்கள் மாணவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நம் பெயரில் இனிஷியல் இருக்கிறது. கல்லூரி அடையாள அட்டையில் இனிஷியலோடு ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர், மெயிலில் செல்லப் பெயர். மூன்றும் பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். ஆகவே எந்தச் சான்றைக் கொடுக்கப்போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துக் கணக்கிலும் பெயரைப் போடுங்கள்.

அடுத்தது தேதி. கொடுக்கும் சான்றில் உங்கள் பெயர், கல்லூரியின் முழுப் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி மூன்றும் தெரிய வேண்டும். சில கல்லூரி அடையாள அட்டையில் தேதியே இருக்காது. அப்படியானால் இந்த வருடம் ஃபீஸ் கட்டிய ரசீதைக் கொடுங்கள், அல்லது அலுவலகத்தில் போனஃபைடு சர்டிஃபிகேட் கேளுங்கள். ஸ்காலர்ஷிப்புக்கும் பஸ் பாஸுக்கும் கேட்பதால் அலுவலகத்தில் அது பழக்கமான காகிதம்தான். நேராக, வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. படிப்புக்காகக் கொடுத்ததைக் காசு வாங்கிச் செய்யும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. விடுமுறையில் ஊர் மேஸ்திரிக்கு வீட்டு பிளான் போட்டுத் தந்து நாலு காசு பார்க்க நினைத்தால், அதற்கு லிப்ரேகேட் அல்லது ஃப்ரீகேட் பழகிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அப்படிக் கட்டுப்பாடு கிடையாது. பிளான் வரைபடம் மட்டும் போதுமென்றால் லிப்ரேகேட். முப்பரிமாணம் வேண்டுமென்றால் ஃப்ரீகேட். 2002 வாக்கில் தொடங்கிய ஃப்ரீகேட்டுக்கு 2024 நவம்பரில்தான் 1.0 என்ற பதிப்பே வந்தது. அவ்வளவு பொறுமையாக உருவாக்கியிருக்கிறார்கள்.

கிராக் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன் என்பதையும் கேளுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வதே அதன் உள்ளே இருப்பதை அது பிடித்துவிடும் என்பதால்தான். சிலவற்றில் வெறும் லைசென்ஸ் உடைப்பு மட்டும் இருக்கும். சிலவற்றில் பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் நிரல் இருக்கும். எது எதில் இருக்கிறது என்று கொடுத்த சீனியருக்கே தெரியாது. அவருக்கும் யாரோ கொடுத்ததுதானே?

திருமண ஆல்பம் டிசைன் செய்யும் இளைஞர் ஒருவர் என் கடைக்கு வந்தார். போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்குக் கிராக் போட்ட மறுநாள் அது. ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு: படங்கள் வேண்டுமானால் டாலரில் பணம் கட்டு. இது ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) குடும்பத்தின் வழக்கமான அடையாளம். அது பரவுவதே பெரும்பாலும் கிராக், போலி லைசென்ஸ் எண் உருவாக்கும் கீஜென் வழியாகத்தான். கேமரா கார்டில் அழிக்காமல் இருந்ததைக் கொண்டு கொஞ்சம் மீட்டுக் கொடுத்தேன். மற்றவை போனது போனதுதான். முகூர்த்தம் முடிந்த கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியுமா?

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இரண்டாம் ஆண்டில் பயன்படும். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் தேவைப்பட்டால் முதலில் உங்கள் கல்லூரியிடம் கேளுங்கள். கல்லூரி முழுமைக்கும் லைசென்ஸ் வாங்கியிருந்தும், லேப் சுவருக்குள்ளேயே அது இருக்கிறது என்று நினைத்து மாணவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் குனு ஆக்டேவ் இருக்கிறது. மேட்லேபுக்கு எழுதும் சாதாரண நிரல்கள் அதில் பெரும்பாலும் அப்படியே ஓடும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் நண்பர்களிடம் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தரும் மாணவர் தொகுப்பையும், நிரல் எழுதும் மென்பொருள்களைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் மாணவர்களுக்குத் தரும் இலவச லைசென்ஸையும் சொல்லுங்கள்.

கேள்வி: டேலி கிளாஸ் போகிறேன். வீட்டில் பழக அந்தக் கணக்கு எழுதும் மென்பொருள் வேண்டும். இன்ஸ்டிட்யூட்டில் “சிடி காப்பி” என்று காசு கேட்கிறார்கள்.
— வாசகி, திருப்பூர்

கொடுக்காதீர்கள். டேலி பிரைமை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கலாம். லைசென்ஸ் கேட்கும் திரை வரும்போது ‘எஜுகேஷனல் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஒரு ரூபாய் ஆகாது. நாள் கணக்குக் கெடுவும் இல்லை. கட்டுப்பாடு ஒன்றுதான்: மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். வகுப்பில் “ஏப்ரல் 17-ஆம் தேதி சரக்கு வாங்கியது” என்று கணக்குக் கொடுத்தால், வீட்டில் அதை 2-ஆம் தேதி என்று போட்டுப் பழகுங்கள். லெட்ஜர், ஸ்டாக், ஜிஎஸ்டி, பேலன்ஸ் ஷீட் எதுவும் இதனால் கெடாது. தேதி மட்டும்தான் வேறு.

கற்பதற்கு இது தாராளம். உண்மையான கடைக் கணக்கை இதில் எழுத நினைக்காதீர்கள். எழுதவும் முடியாது.

கேள்வி: அண்ணன் மகனுக்கு 2014-இல் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அதைத் தயார் செய்ய முடியுமா? ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.
— வாசகர், அறந்தாங்கி

முடியும், செய்யுங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து கொடுத்த லேப்டாப்புகளில் இன்றும் ஓடக்கூடியவை எத்தனையோ வீடுகளில் பரணில் இருக்கின்றன. இப்படிக் கேட்டு ஒரு கடிதம் வந்தாலே எனக்கு மகிழ்ச்சி.

அதில் இரண்டு இயங்குதளங்கள் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ், மற்றொன்று மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். வாங்கிய வாரத்திலேயே பாஸை அழித்துவிட்டு இடத்தைச் சினிமாவுக்கு ஒதுக்கியதுதான் அன்றைய பழக்கம். இப்போது உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அந்த லினக்ஸ் வகைதான்.

புது விண்டோஸ் 11 அந்த லேப்டாப்பில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையில், பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் இலகுவாக ஓடும். முதலில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே துவக்கிப் பாருங்கள். ஹார்டு டிஸ்கில் எதையும் தொடாமலே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கீபோர்டில் எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். அண்ணன் மகனின் பழைய போட்டோ ஏதாவது உள்ளே இருந்தால் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள்.

காசு செலவழிக்க மனமிருந்தால் இரண்டு இடத்தில் மட்டும் செலவழியுங்கள். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி சிறியதாக ஒன்று, ராம் இன்னொரு பட்டை. டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். பேட்டரி இவ்வளவு வருடத்தில் செத்திருக்கும். புதிது வாங்காமல் சார்ஜரிலேயே வைத்து ஓட்டலாம். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஜியோஜீப்ரா போட்டுக் கொடுங்கள். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-இல் தொடங்கிய கணித மென்பொருள் இது. ஒரு முக்கோணம் வரைந்து, மூலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். மூன்று கோணங்களின் அளவும் மாறிக்கொண்டே வரும், கூட்டினால் 180 பாகை மட்டும் மாறாது. கரும்பலகையில் ஒரு முக்கோணத்தைத்தான் காட்ட முடியும், இங்கே அவன் விரல் நுனியில் நூறு முக்கோணம். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. ஜியோஜீப்ராவும் அங்கே பாடத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளாலும் முடியும்.

வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கிற கேனான் எல்பிபி 2900 மாதிரியான சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் தானாக வேலை செய்யாது. தனி டிரைவர் போட்டுப் பாடுபட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் தங்கைக்குப் பார்வை இல்லை. பி.ஏ. தமிழ் சேர்ந்திருக்கிறாள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் விலை கேட்டோம், பெரிய தொகை சொல்கிறார்கள். குறைந்த விலையில் ஏதாவது உண்டா?
— அக்கா, தேனி

குறைந்த விலை என்ன, விலையே இல்லாமல் இருக்கிறது சகோதரி. என்விடிஏ என்று பெயர். பார்வையற்ற இருவர் உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ இருவரும் சிறு வயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான ஓர் இசை முகாமில் சந்தித்தவர்கள். கண் தெரிந்தவருக்குக் கணினி வாங்கினாலே திரை தெரிகிறது, நமக்கு மட்டும் அதன்மேல் இன்னொரு கணினி விலை ஏன் என்று கேட்டு, 2006-இல் கரன் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. விருப்பமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம், கட்டாயம் இல்லை.

இறக்கிய கோப்பைத் திறந்ததுமே அது பேசத் தொடங்கிவிடும். ஆகவே இன்ஸ்டால் செய்வதைத் தங்கையே செய்யலாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் கல்லூரி லேபில், நூலகத்தில், எந்த விண்டோஸ் கணினியிலும் செருகிப் பயன்படுத்தலாம். அங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. மெனுக்களும் தமிழில் இருக்கின்றன.

குரலைச் சொல்கிறேன். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும், ஆனால் இயந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய், ‘ஸ்பீச்’ பகுதியில் தமிழ்க் குரலைச் சேருங்கள். ‘வள்ளுவர்’ என்ற பெயரில் ஒரு குரல் இறங்கும். அதை என்விடிஏவில் தேர்ந்தெடுத்தால் காதுக்கு இதமாக இருக்கும். பழகியவர்கள் பலர் வேகத்துக்காக ஈஸ்பீக்கையே விரும்புகிறார்கள். தங்கையே இரண்டையும் கேட்டு முடிவு செய்யட்டும். முதல் நாள் பழக இரண்டு கட்டளைகள்: இன்சர்ட் விசையோடு எஃப்12 தட்டினால் நேரம் சொல்லும், இன்சர்ட்டோடு ஆங்கில N விசையைத் தட்டினால் மெனு திறக்கும்.

தமிழ் இலக்கியம் என்பதால் ஒரு தொல்லை வரும், தயாராக இருங்கள். ஆசிரியர்கள் கொடுக்கும் நோட்ஸ் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். கண்ணுக்கு அது தமிழ். உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், தங்கையின் காதில் பொருளில்லாத ஓசைதான் விழும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோப்பை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றித் தர வேண்டும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பேராசிரியர்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: “யுனிகோடில் தாருங்கள், என் தங்கைக்கு அப்போதுதான் கேட்கும்.” இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் நானும் கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு முறை மாற்றித் தந்தால் அடுத்தடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

அச்சுப் புத்தகமாக இருந்தால் பக்கத்தைப் படம் எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். படத்துக்குக் கீழே எழுத்தாக மாறி வரும். தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. சில இடத்தில் ‘ர’வும் காலும் மாறும், நீங்கள் ஒருமுறை கண் ஓட்டித் திருத்திக் கொடுங்கள். அதோடு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தங்கையை உறுப்பினராகச் சேருங்கள். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காகவே 2016-இல் மத்திய அரசு தொடங்கியது. தமிழ்ப் புத்தகங்களும் உண்டு.

கேள்வி: வீட்டிலிருந்தபடி காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா பத்திரிகைகள், பேனர் டிசைன் செய்கிறேன். போட்டோஷாப், கோரல்டிராவுக்கு மாதாமாதம் கட்ட முடியவில்லை. மாணவர் சலுகையில் மகன் பெயரில் வாங்கலாமா?
— வாசகி, விருதுநகர்

வேண்டாம். மாணவர் சலுகை மகனின் படிப்புக்கானது. அடோபியின் மாணவர் திட்டத்தில் முதல் வருட விலை ஒன்று, அதற்குப் பிறகு கூடும். வருடத் திட்டத்தில் சேர்ந்துவிட்டு நடுவில் ரத்து செய்தால் அதற்கும் கட்டணம் பிடிப்பார்கள். யார் சேர்ந்தாலும் இந்த இரண்டையும் படித்துவிட்டுச் சேர வேண்டும்.

உங்கள் வேலைக்கு இன்க்ஸ்கேப் பழகுங்கள். கோரல்டிராவில் செய்கிற மாதிரி வளைகோட்டு வேலை எல்லாம் செய்யலாம், காசு வாங்கும் தொழிலுக்கும் பயன்படுத்தலாம். போட்டோ வெட்ட, நிறம் திருத்த கிம்ப். பல பக்க மலர், ஆண்டு விழா மலர் என்றால் ஸ்கிரைபஸ். பழக்கம் மாற ஓரிரு மாதம் ஆகும், அதை மறைக்க மாட்டேன். கையில் ஆர்டர் இருக்கும்போது மாறாதீர்கள். ஆடி மாதம் ஆர்டர் குறையும், அப்போது உட்கார்ந்து பழகுங்கள்.

பிளெக்ஸ் போடும் கடையில் கோரல்டிரா கோப்புதான் வேண்டுமென்பார்கள். இன்க்ஸ்கேப்பில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து, ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எழுத்துருவே இல்லாத கணினியிலும் எழுத்து உடையாது. முதல் தடவை சின்னதாக ஒரு பேனரை அடித்துப் பார்த்து நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிகிற சிவப்பு பிளெக்ஸில் அப்படியே வராது.

எழுத்துருவுக்கும் கவலையில்லை. முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. பத்திரிகைத் தலைப்புக்குக் கவிவனாரின் சாய்வு அழகாக இருக்கும். பேனருக்குப் பலூ தம்பி, தூரத்திலிருந்தே படிக்கலாம். எல்லாமே யுனிகோடு என்பதால் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் விண்டோஸ் கீ சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, வாங்கலாமா?
— வாசகர், கடலூர்

வேண்டாம். பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த கீயைப் பிரித்து விற்கிறார்கள். இன்று வேலை செய்யும், கண்டுபிடித்ததும் முடக்கிவிடுவார்கள். விற்றவர் அப்போது அந்தப் பெயரில் இருக்க மாட்டார். பிராண்டட் லேப்டாப்பாக இருந்தால், விண்டோஸ் கீ அதன் போர்டிலேயே பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதே பதிப்பை மறுபடி போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டுமா?
— வாசகி, காரைக்குடி

வீட்டுக் கணினிக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் இலவச மென்பொருளைத் தேடினால் ஏகப்பட்ட ‘டவுன்லோடு’ பட்டன் வருகிறது. எதை நம்புவது? தமிழில் கற்றுக்கொள்ள எங்கே போவது?
— ஆசிரியர், திண்டிவனம்

நல்ல கேள்வி ஐயா. கூகுளில் தேடும்போது மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று வருவதைத் தொடாதீர்கள். 2022-இல் கிம்ப்பின் பெயரிலேயே ஒரு விளம்பரம் வந்தது. முகவரியும் சரியாகத் தெரிந்தது, அழுத்தினால் வேறு தளத்துக்குக் கொண்டுபோய் பாஸ்வேர்டு திருடும் கோப்பைக் கொடுத்தது. விளம்பரங்களைத் தாண்டிக் கீழே வந்து, அந்த மென்பொருளின் சொந்தத் தளத்தை மட்டும் திறங்கள். சந்தேகமாக இருந்தால் விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் அதிகாரப்பூர்வ இணைப்பை அழுத்துங்கள். இறக்கிய கோப்பு, திறப்பதற்குப் பாஸ்வேர்டு கேட்கும் ஜிப்பாக இருந்தால் அப்படியே அழித்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸ், வி.எல்.சி., கிம்ப் எதையும் அதன் சொந்தத் தளத்தில் அப்படிப் பூட்டித் தருவதில்லை.

கற்பதற்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், மேட்லேப் மாதிரியான சைலேப் என்று ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட அளவிலான வீடியோக்கள், பலவற்றில் தமிழ்க் குரல். அதைப் பார்க்கும்போது திரையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் மென்பொருள் என்று வைத்து, அவர்கள் செய்வதைக் கூடவே செய்யச் சொல்லுங்கள். வெறுமனே பார்த்தால் மனதில் நிற்காது. படித்துக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கணியம் இதழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் தமிழில் எழுதி வருகிறார்கள், மின்னூல்களும் இலவசமாகத் தருகிறார்கள்.

திண்டிவனத்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்தில் விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமப்புற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஆர்வமுள்ளவர்கள். உங்கள் பள்ளி லேபுக்கு அவர்களை அழைத்துப் பேசிப் பாருங்கள். மாணவர்கள் மவுஸைப் பிடித்துச் செய்து பார்க்கும்படி, ஏதாவது ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுக்க ஒதுக்கிக் கொடுங்கள்.